பேரன் பேரில் வரும் கோழி

இல்லை, என் சம்பந்தி போரிவோய் சீனாவுக்குப் போனதே இல்லை. வியட்நாமுக்கும் போனதில்லை. கிழக்குப் பக்கம் அவர் போன அதிகத் தூரம் ரயிலில் ஒரு ராத்திரிப் பயணமான கோஷிட்சே நகரம். அதுவும் பட்டாளத்தில் இருந்தபோது, உருளைக்கிழங்கு உரிக்க. ஆனாலும் எங்கள் சின்ன ஊரான சோகலோவில் சீனச் சாப்பாட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் மீதியை அவர்தான் பேசி முடிப்பார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே லென்காவின் கடை. பலகையில் சீன டிராகன், அடுப்படியில் வியட்நாம் குடும்பம். லென்காவின் சொந்தப் பெயர் ஞுங். எங்கள் வாய்க்கு அது வளையாததால் லென்கா ஆனாள். வியாழக்கிழமைதோறும் சம்பந்தி அங்கே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, வேர்க்கடலை போட்ட இனிப்புக் குழம்புக் கோழியைத் தின்பார். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், அதன் தலையில் எங்கள் ஊர்க்காரர்கள் எதன்மேலும் ஊற்றிக்கொள்ளும் டார்ட்டர் சாஸ். அடுத்த மேசைக்காரர்களிடம், சீனாவில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்பார். சீனர்கள் சாப்பிடும் குச்சிகளை எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் பிடித்திருப்பார். வேலை செய்வதெல்லாம் இடதுகையில் இருக்கும் முள்கரண்டி.

இந்த வசந்தத்தில்தான் வினை வந்தது. என் மகள் டானாவுக்கும் அவர் மகனுக்கும் கஷ்பர் பிறந்த சமயம். அப்படி ஓர் அழகுக் குழந்தையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்; மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு, அது போகட்டும். அதைக் கொண்டாட நானும் சம்பந்தியோடு கடைக்குப் போயிருந்தேன். அவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் அடுப்படியை எட்டிப் பார்த்தார். லென்காவின் குடும்பம் வட்டமாக உட்கார்ந்து தழையும் மீன்தலைச் சாறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோழியை ஒருவரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார். லென்காவுக்குப் பொய் வராது.

"அது ரொம்ப இனிப்பு சார். எங்க பசங்ககூட தொட மாட்டாங்க. உங்களுக்குன்னுதான் செய்யறது."

மனுஷர் முகம் சிவக்கத் திரும்பி வந்தார். இத்தனை வருஷமாக வெளியாளுக்குப் போடுவதைத் தனக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். இனிமேல் அவர்கள் தின்பதைத்தான் தானும் தின்பாராம். ஊரில் பிறக்கும் குழந்தைகளை நகரத் தலைவர் வரவேற்கும் எங்கள் வழக்கப்படி, பேரனை நகர மன்றத்தில் வரவேற்கும் நாளன்று இரண்டு குடும்பத்துக்கும் அசல் விருந்து, அவரே சொல்லி வைப்பாராம். வாயைத் திறந்து சொல்லியாகிவிட்டது. சாப்பிட முடியவில்லை என்றால் அப்புறம் ஊரில் எந்த மேசையில் உட்கார்ந்து வாய் பேசுவது?

அடுத்த வியாழன் லென்கா புளித்த இறால் விழுதை வைத்தாள். வீட்டில் ஜாடி நிறைய நாற்றப் பாலாடைக்கட்டி வைத்திருக்கும் மனுஷருக்கு இந்த வாசனை ஆகவில்லை. கொத்தமல்லித் தழை வாய்க்குள் போனதும் கண்ணில் தண்ணீர். "பிரமாதம்" என்றார். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி ஊறுகாய் வெள்ளரியோடு விழுங்கினார். வாராவாரம் இதே கதை. என் கொழுப்பு ஜாடி காலியானது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். நான் யாரிடமும் சொல்லவில்லை, கறிக்கடை வரிசையில் நின்றவர்களைத் தவிர.

விருந்து நாள் வந்தது. நகரத் தலைவர் வாசிக்கிறதை வாசித்து முடித்தார், கஷ்பரை மரத்தொட்டிலில் போட்டுப் படம் எடுத்தார்கள். நேரே லென்கா கடைக்குப் போனோம். மீன்தலை, தழை, இறால் விழுது எல்லாம் வந்தன. டானா இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். மருமகன் கிண்ணத்தை நக்காத குறை. சம்பந்தி மட்டும் ஒரு புதினா இலையை மென்றுகொண்டே இருந்தார். குழந்தை என் மடியில்.

"என்னப்பா, உனக்குப் புடிச்சதாச்சே, சாப்புடலையா?" என்றான் அவர் மகன். கடையே எங்கள் மேசையைப் பார்த்தது. சம்பந்தி கரண்டியைத் தூக்கினார். கரண்டி பாதியில் நின்றது.

அப்போது லென்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கோழி, வறுவல், மேலே டார்ட்டர் சாஸ்.

"சின்னப் புள்ளைக்குக் காரம் ஆகாதுல்ல சார். இது பேரனுக்கு."

பேரனுக்கு அப்போதுதான் தலை நிற்க ஆரம்பித்திருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, நான் குழந்தையின் தொப்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"வீணாப் போகக் கூடாது பாருங்க" என்று சம்பந்தி தட்டை இழுத்துக்கொண்டார். ஒரு கடலைகூட மிச்சமில்லை.

அன்றிலிருந்து வியாழன்தோறும் என் பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். பேரன் பேரில் கோழி வருகிறது, அதுவும் பெரிய தட்டில். பிள்ளை வெங்காயத்தாள் வாசனையோடு வீடு திரும்புகிறது. எனக்குத்தான் வியாழக்கிழமை பேரன் இல்லை.

இன்று காலை கஞ்சி ஊட்டும்போது கரண்டியில் டிக்கென்று தட்டியது. பல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்தி வண்டியோடு வாசலில் வந்து நின்றதும், இனி அவன் சாப்பாட்டை அவனே சாப்பிட்டுக்கொள்வான், நீங்கள் மீன்தலைக்குத் திரும்பலாம் என்றேன். மனுஷர் குனிந்து குழந்தையின் உதட்டை விலக்கி வெகுநேரம் பார்த்தார்.

"முன்பல்லு ஒண்ணுதானே சம்பந்தி. கோழிய மெல்லணும்னா கடவாப்பல்லு வேணும். அது வர்ற வரைக்கும் நான்தானே பாத்துக்கணும்."