சிறிதரனுக்குச் சிவப்பு ஆகாது

சிறிதரன் தன் வாழ்நாளில் எதிலும் பெயில் ஆனதில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொல்வார். சிட்னியின் டூங்கபியில் யாருடைய பிறந்தநாளுக்குப் போனாலும் ரோல்ஸைக் கையில் எடுத்தவுடன் தொடங்கிவிடுவார். சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் ஏ. கம்பஸில் முதல் வகுப்பு. சிட்னிக்கு வந்து கார் லைசென்ஸ் முதல் தரமே பாஸ். அந்த இடம் வரும்போது மட்டும் என் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்ப்பார், ஏனென்றால் எனக்கு அது மூன்றாம் முறைதான் கிடைத்தது. அவர் மனைவி ரஞ்சினி பாவம், கம்பஸ் வரை கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார்.

நான் நிரூபா. பரமட்டாவில் அவர் வேலை செய்கிற அதே கம்பனியில் டெஸ்டர். முதியோர் இல்லங்களில் யாருக்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று சமையலறைக்குச் சொல்கிற மென்பொருள் எங்களுடையது. சிறிதரனின் குழு அதை எழுதும், அதில் எங்கே பிழை இருக்கிறது என்று நான் தேடிப் பிடிப்பேன். பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவளை யாருக்கும் பிடிப்பதில்லை. அதற்காக நான் ஒருநாளும் நித்திரை கெட்டதுமில்லை.

அப்படியிருக்கத்தான் மெல்பேர்னிலிருந்து பிரதீப்குமார் வந்து இறங்கினார். கிளென் வேவர்லிக்காரர், சொந்த ஊர் கோயம்புத்தூர். எங்களுக்கு அஜைல் என்கிற புது வேலைமுறையைப் பழக்குவதற்கென்றே கம்பனி பிடித்துவந்த பயிற்சியாளர். வந்த கிழமையே கதிரைகளை ஒதுக்கினார். காலைக் கூட்டத்தை நின்றுகொண்டுதான் நடத்த வேண்டுமாம், இருந்தால் ஆட்கள் கனநேரம் கதைப்பார்களாம். நின்றுகொண்டும் அதே அளவுதான் கதைத்தார்கள், கால்தான் உளைந்தது. அடுத்ததாகச் சுவரில் ஒரு பெரிய டிவியைப் பூட்டினார்.

அவர் சொன்ன முறை இதுதான். கோட், அதாவது மென்பொருளின் நிரல், எழுதுவதற்கு முன்பே அது என்ன விடை தர வேண்டும் என்று சோதிக்கிற டெஸ்ட்டை எழுத வேண்டும். கோட் இன்னும் இல்லாதபடியால் டெஸ்ட் பெயில் ஆகும், எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் டிவியில் சிவப்பு விழும். பிறகு கோட் சரியாக எழுதினால் அது பச்சையாகும். நல்ல முறை. அதோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சிறிதரன் கையை உயர்த்தினார்.

"அப்ப முதல்ல கட்டாயம் பெயிலாகத்தான் வேணுமோ?"

"ஆமா சிறி. பெயில் ஆகணும். அதுதான் அதோட அழகே," என்றார் பிரதீப்குமார். குழுவில் தமிழரான எங்கள் இரண்டு பேரோடும் அவர் தமிழிலேயே பேசுவார்.

சிறிதரனுக்கு முகம் செத்துப்போய்விட்டது.

அதன்பின் மனிதர் செய்த வேலையைக் கேளுங்கள். கோட் முழுவதையும் வீட்டிலேயே ஒளித்திருந்து முதலில் எழுதி முடிப்பார். அது என்ன விடை சொல்கிறது என்று பார்த்து, அந்த விடைதான் சரி என்று ஒரு டெஸ்ட்டும் எழுதுவார். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து போடுவார். பச்சை! மாணவன் தன் விடைத்தாளைப் பார்த்துத் தானே வினாத்தாள் தயாரிக்கிற கெட்டித்தனம். மற்றவர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். டிவி முழுக்கப் பசும்புல் மாதிரி ஆகிவிட்டது. பிரதீப்குமார் அதன் முன்னால் நின்று படம் எடுத்து மெல்பேர்னுக்கு அனுப்பினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க நிரூபா. டெவலப்பர்ஸே டெஸ்ட் எழுதிடுறாங்க, எல்லாம் பச்சையா இருக்கு. ஜூன் வரைக்கும் இப்படியே போச்சுன்னா தனியா ஒரு டெஸ்டர் தேவைப்படாது."

ஐம்பத்திரண்டு வயதில் என்னைக் கூப்பிட்டு இருத்தி வேலை தர இன்னொரு கம்பனி காத்திருக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் கூடுதலாக வந்தது. அன்று ரயிலில் சிறிதரனைப் பிடித்துக்கொண்டேன். "உங்கட பச்சையால என்ர வேலை போகப்போகுது, தெரியுமோ? ஒராளுக்கு நீரிழிவு எண்டு போட்டு, மென்மையான சாப்பாடும் வேணும் எண்டு போட்டா, உங்கட கோட் நீரிழிவை மறந்துபோகுது. நான் கையால போட்டுப் பார்த்தனான். அதுக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கோ. சிவப்பு விழட்டும். நான் எதுக்கு இருக்கிறன் எண்டு அந்த மனுசனுக்கு விளங்கட்டும்."

"ஓம் அக்கா. நாளைக்கே எழுதிறன்."

சொன்னபடி எழுதினார். அதுவும் பச்சை!

கோட்டில் இருந்த பிழையைத் திருத்திப் பச்சையாக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மாதக் கடைசியில் முதியோர் இல்லங்களின் ஆட்களை அழைத்து மென்பொருளை இயக்கிக் காட்டுகிற நாள் வந்தது. பிரதீப்குமார் டெஸ்ட்களைத் திரையில் ஓடவிட்டார். அதில் சிறிதரனுடையதைத் தேடிப் பிடித்து நான் எல்லோருக்கும் கேட்கப் படித்தேன்: நீரிழிவும் மென்மையான உணவும் உள்ளவருக்குச் சீனி போட்ட கஸ்டர்ட் கிடைக்க வேண்டும். முடிவு, சரி.

ஒரு இல்லத்தின் சமையலறைப் பொறுப்பாளர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, யாருக்குக் கஸ்டர்ட் என்று கேட்டார். எல்லோரும் சிறிதரனைப் பார்த்தோம். டெஸ்ட் பாஸ்தானே என்றார் அவர். விசரன்!

இந்தப் பெண் கையால் பார்த்து உறுதி சொல்லாமல் புதிதாக எதையும் எங்கள் சமையலறைக்குள் விடமாட்டேன் என்று அந்தப் பொறுப்பாளர் சொல்லிவிட்டுப் போனார். நிரூபா எங்கேயும் போகவில்லை, இனி ஒவ்வொரு டெஸ்ட்டையும் குழு நிரூபாவோடு இருந்துதான் எழுதும் என்று பிரதீப்குமார் அந்த இடத்திலேயே அறிவித்தார். நான் அன்று சந்தோசத்தில் ரஞ்சினிக்கும் சேர்த்துக் கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் சிறிதரன் கோப்பியோடு வந்தார்.

"அக்கா, சிவப்பு விழுற டெஸ்ட்டை உங்கட பேரில போடுங்கோவன். பச்சையாக்கிறதை நான் பாக்கிறன். உங்களுக்கு அது பெரிய விசயமில்லைத்தானே."

உண்மையில் பெரிய விசயமாகத் தெரியவில்லை. முதன்முறையாக டெஸ்ட் எழுத வேண்டிய மாதிரி எழுதப்பட்டது. வேலையும் கையில் இருந்தது. ஓம் என்றேன். அதைக் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் ஓம் என்றேன். அதற்குப் பிறகு ஒரு சமையலறையிலிருந்தும் முறைப்பாடு வரவில்லை.

அடுத்த ஜூனில் வருடாந்த மதிப்பீடு. பிரதீப்குமார் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு நிரூபா. ஆனா இதைப் பாருங்க. டீம்ல விழுந்த சிவப்பு மொத்தமும் உங்க பேர்ல இருக்கு. சிறி பேர்ல ஒண்ணுகூட இல்ல. மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"பெயில் ஆகிறதுதான் அழகு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது டெஸ்ட்டுக்குங்க. ஆளுக்கு இல்ல."

சிறிதரனைக் குழுத் தலைவராக்கினார்கள். அதே வெள்ளிக்கிழமை எனக்குப் பிரியாவிடைக் கேக் வெட்டினார்கள், சுற்றி நின்றுகொண்டுதான். எல்லோரும் போனபிறகு சிறிதரன் கிட்ட வந்தார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. ஒரு மன்னிப்பாவது கேட்கப்போகிறார் என்று நினைத்து, கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

"அக்கா," என்றார், "நீங்கள் போனாப்பிறகு நாங்கள் சிவப்பை ஆரின்ர பேரில போடுறது?"