சுரேஷ்கண்ணனின் துருப்பிடித்த விண்கலம்

காமயகவுண்டன்பட்டியில் பாதி ஊருக்குப் படம் காட்டுகிறவர் சுரேஷ்கண்ணன். கேபிள்காரர். மழை வந்தால் படம் போகும், படம் போனால் அவருடைய செல்போனும் அணைந்துபோகும். மற்றபடி தொழிலில் குறை சொல்ல முடியாது. ஊரைப் பற்றித்தான் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. திராட்சை விலையையும் சாயங்கால நாடகத்தையும் தவிர வேறெதுவும் தெரியாத சனம் என்பார். அந்த நாடகத்துக்கு வீடு வீடாகக் கம்பி இழுத்துக் கொடுப்பவரே அவர்தான் என்று யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொன்னால் கம்பியைப் பிடுங்கிவிடுவார்.

பக்கத்து ஊரான கம்பத்தில் ஓர் இன்டர்நெட் சென்டரில் அவருக்கு ஞானம் பிறந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வருங்காலத்து விண்கலங்களையும் பாழடைந்த கிரகங்களையும் மேசையளவில் செய்து, நூறு வருசம் வெயிலில் கிடந்ததுபோல அழுக்கேற்றி வைத்திருந்த படங்களைப் பார்த்தார். அதற்கு டயோரமா என்று பெயராம். நம்மிடம் இல்லாத அழுக்கா என்று சுரேஷ்கண்ணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டை ஒட்டிய கண்ட்ரோல் ரூமில் ஒரு மேசையைக் காலி செய்தார்.

செத்துப்போன ரிமோட்டுகள், ஷாம்பு டப்பா, தோட்டத்தில் மருந்தடிக்கிற தெளிப்பானின் மூக்கு, தீர்ந்துபோன பேனாக்கள் எல்லாம் சேர்ந்து சீக்கிரமே ஒரு விண்கலமாயின. பக்கத்தில் கவிழ்ந்து கிடக்க நாலைந்து ரோபோக்கள். அதைப் பழசாக்கத்தான் வருசம் ஓடியது. மோட்டார் ரூம் கதவில் துருவைச் சுரண்டி வந்து கோந்தில் குழைத்துப் பூசினார். திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்தைக் கரைத்துப் பச்சைக் களிம்பு ஏற்றினார். செம்மண்ணைச் சலித்து ஊதினார்.

"ஊரே பழசுக்குப் பெயிண்ட் அடிச்சுப் புதுசுங்குது. நீங்க புதுசப் போயி பழசாக்குறீகளே, என்ன வந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள் மனைவி நாகஜோதி.

"இதுக்குப் பேரு வெதரிங். ஒனக்குப் புரியாது."

"புரியாமலே போகட்டும். அந்த மயில்துத்தக் கையோட சோத்துச் சட்டியத் தொட்டுறாதீக."

மேசை விளிம்பில் ஓர் அட்டை ஒட்டினார்: 'செவ்வாய் — மனித இனம் அழிந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்.' படமெடுத்துக் கொச்சியில் உள்ள, இப்படி மாடல் செய்கிறவர்களின் சங்கத்துக்கு அனுப்பினார். பிலிப்போஸ் என்கிறவர் நேரில் வந்து பார்ப்பார், தேறினால் எர்ணாகுளம் கண்காட்சியில் இடம் உண்டு என்று பதில் வந்தது. அங்கே ஒரு மேசை கிடைத்துவிட்டால் போதும், கேபிள்காரர் என்ற பெயர் கழன்று விழுந்துவிடும் என்று சுரேஷ்கண்ணன் நம்பினார். அந்த நம்பிக்கையில் டீக்கடையில் யாரோடும் சரியாகப் பேசுவதைக்கூட நிறுத்திக்கொண்டார்.

பிலிப்போஸ் வருவதற்கு முன் ஆயுத பூசை வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு அப்பால் பார்க்கிற மனிதர், பூசை என்றால் மட்டும் நடப்பு வருசத்துக்கு இறங்கி வந்துவிடுவார். சுருளிப்பட்டியிலிருந்து வந்திருந்த மாமியார் சோணையம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "அத்தை, இந்த ரூமுல ஒரு சாமான் விடாம தொடச்சுப் பொட்டு வைங்க. ஒண்ணு விட்டாலும் வருசம் பூரா ரிப்பேருதேன்."

சொல்லிவிட்டு, டிஷ்ஷுக்கு மாலை போட மொட்டை மாடிக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் இறங்கி வந்தபோது ஆம்ப்ளிபயர் முதல் குறடு வரை எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. மேசைமேல் அவர் மூடிய பழைய வேட்டி மூடியபடியே இருந்தது. விஜயதசமிக்கும் அதை அவர் விலக்கவில்லை. தூசி விழுந்துவிடுமாம். அவர் பூசியது கலை, தானாக விழுவது தூசி.

வெள்ளிக்கிழமை பிலிப்போஸ் குமுளி வழியாக வந்து சேர்ந்தார். சுரேஷ்கண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேட்டியை உருவினார்.

செவ்வாய் பளபளவென்று இருந்தது. விண்கலத்தில் துரு இல்லை, களிம்பு இல்லை. கட்டிலுக்கு அடித்ததில் மிஞ்சிய சில்வர் பெயிண்ட் இருந்தது. கவிழ்ந்து கிடந்த ரோபோக்கள் வரிசையாக எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு. விண்கலத்தின் மூக்கில் சற்றுப் பெரிய பொட்டு. மண்ணைக்கூடக் கூட்டிப் பெருக்கியிருந்தது.

பிலிப்போஸ் குனிந்து அட்டையைப் படித்தார். "மனுஷ்யர் எல்லாம் போயாச்சு என்று எழுதியிருக்கு. அப்போ இந்தப் பொட்டு ஆரு வெச்சது?"

இப்படிப்பட்ட நேரத்தில் உண்மையைச் சொல்கிற ஆளா சுரேஷ்கண்ணன்? "சார், அதுதான் இதோட கான்செப்ட்டே. மனுசன் போனாலும் நம்பிக்கை மட்டும்..."

"நாந்தேன்யா வெச்சேன்" என்றார் டீயோடு வந்த சோணையம்மாள். "எம்புட்டு அழுக்கு! புளியப் போட்டு, நார வெச்சுத் தேய்தேயின்னு தேச்சேன். கை கடுத்துப் போச்சு. தேச்ச எடம் வெளுத்துப் போச்சேன்னு, கட்டிலுக்கு அடிச்சு மிஞ்சுன பெயிண்டையும் அடிச்சு விட்டேன்."

பிலிப்போஸ் சிரித்து முடிக்க டீ ஆறிவிட்டது. "கொள்ளாம்" என்றார்; மலையாளத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். போய்விட்டார்.

"அதையும் தொடைக்கச் சொல்லி யாரு சொன்னா?" என்று மாமியார் பக்கம் திரும்பினார் சுரேஷ்கண்ணன்.

"நீங்கதேன் மாப்ள. ஒரு சாமான் விடக்கூடாதுன்னீக."

"அது சாமானா?"

"சாமான் இல்லேன்னா அது என்னன்னு சொல்லுங்க. அடுத்த வருசம் விட்டுர்றேன்."

பொம்மை இல்லை என்று ஊரிடமும், குப்பை இல்லை என்று மனைவியிடமும் ஒரு வருசமாகச் சொல்லிவந்தவருக்கு, என்னவென்று மட்டும் சொல்ல வரவில்லை. வீம்புக்கு அப்போதே கோந்தையும் துருவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இறக்கையில் பூசினார். ரோபோக்களைத் தள்ளிவிட்டு முதுகில் பூசினார். விண்கலத்தின் மூக்குக்கு வந்ததும், பொட்டை அழிக்க ஈரத்துணி பிடித்த கை நின்றது.

நாகஜோதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அதையும் அழிங்க. பொட்டு வெச்ச கப்பல் எப்படிப் பாழடைஞ்ச கப்பலாகும்?"

"ஏய், வெள்ளிக்கெழமயும் அதுவுமா, நல்லா சொன்ன போ!" என்றார் சுரேஷ்கண்ணன். துணியைக் கீழே வைத்துவிட்டு, மெல்லிய பிரஷ் ஒன்றைத் தேடியெடுத்து, ஒரு பொட்டிலும் பட்டுவிடாமல் சுற்றிச் சுற்றித் துருவேற்ற ஆரம்பித்தார்.