கணேசமூர்த்தி கற்ற ‘இரு’

கணேசமூர்த்தி, வயது முப்பத்தைந்து, மலாயாவில் லாபுவை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி, மனைவி நீலாவதி, மக்கள் இருவர். 1943 செப்டம்பரில் அத்தோட்டத்துக்கு வந்த ஜப்பானிய அதிகாரி, தம் மொழியில் தேர்வு வைப்பதாகவும், அதில் தவறும் கிராணிக்கு வேலை இல்லை என்றும் அறிவித்தார். வேலையற்ற ஆண்களை லாரிகள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஏற்றிச் சென்றன. இவை நடந்தவை. “இதுக்கு மேல வர்றதெல்லாம் என் மூளை செஞ்ச வேலை” என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

தேர்வுக்காக வாங்கிய ஜப்பானிய மொழிக் கையேட்டின் முதற்பக்கத்திலேயே ‘இரு’ என்ற வினைச்சொல் அகப்பட்டது. பொருள்: இருக்கிறது. கணேசமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை.

“நீலா, ஜப்பான்காரன் நம்ம ஆளு லா! அவனுக்கும் இருன்னா இருதான். இதுல என்ன படிக்கக் கிடக்கு?”

“அடுத்த பக்கத்தையும் பொரட்டிப் பாருங்க. ஒரே பக்கத்துல முடியற பாஷையா?”

பிறவியிலேயே தெரிந்த மொழிக்குப் பக்கம் புரட்டுவது கௌரவக் குறைச்சல் என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

தேர்வன்று, ஒருவேளை லாரி ஏற்றிவிட்டால் கொடுத்தனுப்ப வேண்டுமே என்று, அவருடைய துணிமூட்டையுடன் நீலாவதி ஆபீஸ் வாசலில் நின்றாள். அதிகாரி சாமான் கொட்டகையைச் சுட்டி, “கொமெ அரு கா?” என்றார். கொமெ என்றால் அரிசி; அது தெரியும். ‘அரு’ என்பது கணேசமூர்த்தியின் காதில் ஆறு என்று விழுந்தது. இருந்ததோ மூன்று மூட்டை. எண்ணிக்கை பேசினால் வம்பு என்று அஞ்சி, நெஞ்சை நிமிர்த்தி, அரிசி இருக்கிறது என்று சொல்வதாக நினைத்து, “கொமெ கா இரு!” என்று முழங்கினார்.

அதிகாரியின் முகம் சிவந்தது. மீண்டும் கேட்டார். இவர் இன்னும் உரக்க முழங்கினார்.

மொழிபெயர்க்க வந்திருந்த சிரம்பான் ஜவுளி வியாபாரி நஜிமுதீன் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கிராணியாரே, அரிசி இருக்கான்னு தொரை கேக்குறாரு. நீங்க அரிசி வேணும், அரிசி வேணும்னு கத்துறீங்க! உசிர் உள்ளதுக்குத்தான் இரு, சாமானுக்கு அரு. சாமானுக்குப் போய் இரு போட்டா ‘வேணும்’னு ஆயிடும் லா.”

ஒரு பக்கம் படித்த மேதைக்குப் புரட்டாத அடுத்த பக்கம் நினைவுக்கு வந்தது. அதிகாரி வாசலைக் காட்டினார்.

“கடைசிக் கேள்வி” என்றார் நஜிமுதீன். “அங்க நிக்கிறது யாருன்னு ஒழுங்காச் சொல்லுங்க. தப்பினா லாரிதான்.”

மனைவிக்கு ‘கனாய்’ என்பது நினைவிருந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டிய சொல்லுக்காக நீலாவதியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“கனாய் கா… இரு.”

அதிகாரி சரியென்று தலையசைத்தார்.

வெளியே வந்தவரிடம், “ஏங்க, என்னைக் காட்டி என்னமோ சொன்னீங்களே?” என்றாள்.

“நீ உசிரோட இருக்கேன்னு சொன்னேன்.”

“அதைக் கண்டுபிடிக்கவா இம்புட்டு நேரம் முழிச்சீங்க?”

அதன்பின் ஜப்பானியர் காலம் முடியும்வரை அவர் கிராணியாக இருந்தது இரண்டு ஆண்டுகள்.