ஐம்பத்தேழாம் துளையில் விழுந்த ஏழு மாதங்கள்

2016 ஜூன் — 330 பெசோ
ஜூலை — 330
ஆகஸ்ட் — 330
செப்டம்பர் — 330
அக்டோபர் — 319
நவம்பர் — 341
டிசம்பர் — 330
மொத்தம் — 2,310

அக்டோபரில் பதினொரு பெசோ குறைந்தது புயலால். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போய்விட்டு, கையில் மெழுகு ஒட்டியபடியே வந்து ருபெர்த்தோ அதைப் போட்டுவிட்டார். இந்த ஏழு மாதமும் அவர் பாக்கி வைக்கவில்லை என்பதற்கு என் நோட்டு சாட்சி. இதே ஏழு மாதத்தில் அவர் பெயரில் ஒரு பெசோகூட ஏறவில்லை என்பதற்குக் காரணமும் அதே நோட்டுதான்.

ருபெர்த்தோ சுமகாய்சாய் எங்கள் மீன்துறை நிறுத்தத்தில் டிரைசைக்கிள், அதாவது பக்கப்பெட்டி இணைத்த மோட்டார் சைக்கிள், ஓட்டியவர். இளமையில் நாற்பத்தெட்டு மாதம் சர்க்கரை ஆலையில் வேலை செய்தார். ஆலை மூடிய பிறகு வண்டிதான். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். வரிசையில் தன் முறை வரும்வரை மற்றவர்கள் சீட்டாடுவார்கள். இவர் வண்டியைச் சுற்றி நடப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். காலை நாலரைக்கு மீன்காரிகளைக் கூடைகளோடு சந்தையில் இறக்குவதுதான் அவருடைய முதல் சவாரி.

வண்டி ஓட்டிகளுக்கு முதலாளி கிடையாது. ஆகவே ஓய்வூதியத்துக்குப் பணம் பிடித்துக் கட்ட ஆளும் கிடையாது. மாதம் முந்நூற்று முப்பதைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் சவாரியை விட்டு அலுவலகத்தில் போய் நிற்க எவராலும் முடியவில்லை. அதனால் 2013 ஜனவரியில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்து மேடம் லியோனிசா ஒரு மரப்பெட்டியோடு எங்களிடம் வந்தார். அதில் நூறு அறைகள், நூறு துளைகள். நாளுக்குப் பதினொரு பெசோ: ஒரு பத்து, ஒரு ஒன்று. மாதம் ஒருமுறை அலுவலகமே வேனில் வந்து வாங்கிக்கொள்ளும். சங்கச் செயலாளரான என்னிடம் சாவி இருந்தது. ஒவ்வொரு துளைக்கு மேலும் ஒரு வண்டியின் எண்ணை எழுதினேன். எங்கள் நிறுத்தத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை; எண்தான். ருபெர்த்தோ ஐம்பத்தேழு. அவர் மனைவிகூட, "ஐம்பத்தேழு வந்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

நூற்றிருபது மாதம் கட்டினால் சாகும்வரை மாத ஓய்வூதியம். ஆலைக் கணக்கு நாற்பத்தெட்டு, பெட்டிக் கணக்கு எழுபத்திரண்டு. 2018 டிசம்பரில் நிறைந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவசரத்துக்குக் காரணம் கண். இடது கண்ணில் பார்வை போய்விட்டது, வலது கண் பாதி. வண்டியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓய்வூதியம் வரும்வரை தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று இவர் சொன்னார். மீன்காரிகள் பக்கப்பெட்டியில் உட்கார்ந்து, "வலப்பக்கம் நாய், இடப்பக்கம் பள்ளம்" என்று வழி சொல்லிக்கொண்டு போனார்கள்.

டிசம்பர் வேனில் மேடம் கணினியைப் பார்த்துவிட்டு நூற்றுப் பதிமூன்று என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க மேடம். கண்ணு எனக்குத்தான் சரியில்ல, உங்களுக்குமா?" என்றார் ருபெர்த்தோ.

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஏழு மாதம் கட்டிவிடலாமே என்று மேடம் சொன்னதற்கு, ஏழு மாதம் கட்ட ஏழு மாதம் ஓட்ட வேண்டும், அதற்குள் யாரையாவது கொன்றுவிடுவேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மனோங், நான் போட்ட காசு எங்க?"

வயதில் மூத்தவன் என்பதால் எல்லோரும் என்னை மனோங் என்பார்கள். அன்று அந்தச் சொல்லைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆறு ஆண்டு நோட்டுகளையும் மூன்று நாள் புரட்டினேன். 2016 ஜூன் முதல் டிசம்பர் வரை எண்பத்துமூன்றாம் அறை காலி. எண்பத்துமூன்று யார் என்று உரிமப் பதிவில் பார்த்தேன்: ருபெர்த்தோ. அந்த மே மாதம் ருபெர்த்தோ தன் பழைய வண்டியை எண்ணோடு டெல்ஃபினுக்கு விற்றுவிட்டு, வேறொருவரிடம் எண்பத்துமூன்றை வாங்கியிருந்தார். நானும் ஒழுங்காக ஐம்பத்தேழாம் அறையை டெல்ஃபினின் உறுப்பினர் கணக்குக்கு மாற்றி எழுதியிருந்தேன். வண்டி போனது, எண் போனது, அறையும் போனது. ஆனால் நிறுத்தத்தில் ருபெர்த்தோ ஐம்பத்தேழாகவே இருந்தார். டெல்ஃபினை எல்லோரும் புதுசு என்றார்கள். விடிகாலையில் வந்து, ருபெர்த்தோவின் பழகிய கை பழகிய துளையில் காசைப் போட்டுவிட்டுப் போனது.

மாதக் கூட்டத்தில் பாக்கிப் பட்டியலை நான்தான் வாசிப்பேன். எண்பத்துமூன்று பாக்கி என்று ஏழு கூட்டங்களில் வாசித்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ருபெர்த்தோவே, "யாரு அந்த எண்பத்துமூணு? செத்துக்கித்துப் போயிட்டானா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். 2017 ஜனவரியில் பெட்டியைக் கரையான் தின்று புதுப்பெட்டி வந்தது. அதில் எண்ணுக்குப் பதிலாக ஆளின் படத்தை ஒட்டச் சொன்னார் மேடம். அன்றோடு தவறு தானாக நின்றது. நடந்தது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் காசு ருபெர்த்தோவுடையதுதான் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் நோட்டின் கடைசிக் கட்டம். கட்டும் இடத்தில் நாற்றமடிக்கிற காசை வாங்க மாட்டார்கள். அதனால் சனிக்கிழமை பெட்டியைத் திறந்ததும் மீன் செதில் ஒட்டிய காசுகளை எலுமிச்சையும் சோப்பும் போட்டுக் கழுவி, எந்த அறைக் காசு என்று "கழுவியது" என எழுதுவேன். ஐம்பத்தேழுக்கு நேரே அந்த ஏழு மாதமும் "கழுவியது" என்று இருந்தது. டெல்ஃபின் அந்த நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை மட்டும்தான் ஏற்றினார். அவர் காசில் செதில் வர வழியில்லை.

மேடம் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். "கழுவின காசை வெச்சுத் திருத்தம் கேட்டு இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல மனோங். இதுக்குப் படிவமே கிடையாது. நானே ஒண்ணு எழுதிப் பாக்கறேன். ஆனா பணம் யார் கணக்குல கிடக்குதோ அவர் கையெழுத்து வேணும்."

டெல்ஃபின் கையெழுத்துப் போட மறுத்தார். முன்பு வேறு வேலையில் கட்டிய மாதங்களோடு அந்த ஏழு மாதத்தையும் சேர்த்துத்தான் அவருக்கு முப்பத்தாறு மாதம் நிறைந்து, கடன் வாங்கிக் கூரை மாற்றியிருந்தார். அலுவலகம் கூரையைப் பிடுங்குமா என்று பயந்தார். நிறுத்தத்தில் அவரை இப்போது செதில் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் வண்டி வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அவர் இன்னும் இறுகிப்போனார்.

ருபெர்த்தோ அவரைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. ஜனவரி மாதம் ஒரு நாள் தன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சந்தைக்குப் போக வரிசையில் நின்ற முதல் வண்டியில் ஏறினார். அது ஐம்பத்தேழு. வழியில் என்ன பேசினார்கள் என்று பிறகு டெல்ஃபினே எனக்குச் சொன்னார். இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே, சங்கிலி தளர்ந்திருக்கிறது, இரண்டு கண்ணி எடுத்துவிடு என்று ருபெர்த்தோ சொல்லியிருக்கிறார். இறங்கும்போது கூலி எட்டு பெசோ. அவர் நீட்டியது ஒரு பத்து, ஒரு ஒன்று.

"மூணு அதிகமா இருக்கு" என்றார் டெல்ஃபின்.

"இந்த வண்டிக்குப் பதினொண்ணு குடுத்தே கைக்குப் பழகிப்போச்சு."

அன்று மாலை டெல்ஃபின் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "முதல் மாசம் தெரியாது மனோங். நான் போடாமலே கட்டியாச்சுன்னு வந்துச்சு, வண்டி விலையிலயே சேர்த்துக் கட்டிட்டாருன்னு நெனச்சேன். மூணாவது மாசம் தெரியும். எங்க போடணும் கையெழுத்து?"

கையெழுத்தான நாள் 2019 ஜனவரி 24. பிப்ரவரி 11-இல் முதல் கடிதம் வந்தது: அசல் நோட்டுகளை அனுப்பவும். நாற்பது ஆண்டில் என் நோட்டு எதுவும் வீட்டைவிட்டுப் போனதில்லை. அனுப்பிவிட்டு, அலமாரியில் இருந்த இடைவெளியைத் தினமும் பார்த்தேன். ருபெர்த்தோ இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். மார்ச் முதல் வாரம் ரொட்டிக்கடைப் பலகையில் மோதி நின்றார். யாருக்கும் அடி இல்லை, பலகைதான் உடைந்தது.

அவருடைய உரிமம் பிறந்தநாளான மார்ச் 19-இல் முடிகிறது. கடிதம் வராவிட்டால் போய்ப் புதுப்பிப்பேன் என்றார். கண் பரிசோதனைக்கு என்ன செய்வீர் என்று கேட்டேன்.

"அந்த அட்டையில இருக்குற எழுத்து எனக்கு ஜெபமாலை மாதிரி மனப்பாடம்."

அன்று டெல்ஃபின்தான் அவரை அழைத்துப் போனார். அரைமணியில் திரும்பிவிட்டார்கள். ருபெர்த்தோ பாட்டைப் பாடுவதுபோல எல்லா எழுத்தையும் சொன்னாராம். அட்டையை மாற்றி வைத்திருந்தார்களாம். டெல்ஃபின் தலையைக் குனிந்துகொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

அதன்பின் உரிமமும் இல்லை, கடிதமும் இல்லை. ருபெர்த்தோ தினமும் காலை நாலரைக்கு வந்து, ஓடாமல் நிற்கும் எண்பத்துமூன்றைச் சுற்றி நடந்தார். மீன்காரிகள் டெல்ஃபினின் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். தபால்காரரின் மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்டால் ருபெர்த்தோ நடப்பது நின்றுவிடும்.

கடைசியில் வந்தது இரண்டு தாள். ஏழு மாதமும் ருபெர்த்தோ சுமகாய்சாய் கணக்குக்கு மாற்றப்பட்டது, நூற்றிருபது நிறைந்தது, மாதம் 2,200 பெசோ. டெல்ஃபினின் கடன் அப்படியே இருக்கும். குறைந்த ஏழு மாதத்தை அவர் பெட்டி வழியாகவே கட்டி நிரப்பலாம். இனி எந்த நிறுத்தத்திலும் பெட்டிக்கு வண்டி எண் எழுதக் கூடாது. என் நோட்டுகளும் கட்டுப் பிரியாமல் கூடவே திரும்பி வந்தன. ருபெர்த்தோ என்னை இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு எண்பத்துமூன்றின் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்.

கடிதம் வந்த தேதி: 2019 ஏப்ரல் 4, வியாழக்கிழமை.