ஒரே கணினியில் வைத்த நிரல்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நால்வர் தமிழ் எழுத்துகளை அச்சடிக்கும் நிரல் ஒன்றை எழுதி, எல்லாருக்கும் இலவசமாகத் தந்தோம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைக்காரர் ஒருவர் தன் கணினியில் அதற்கு இடம் கொடுத்தார். தொலைபேசி இணைப்பு வழியே யாரும் அதிலிருந்து நிரலை எடுத்துக்கொள்ளலாம்.

"மூல நிரல்ல ஒரு பிரதி வீட்டுலயும் வச்சுக்குவோம் லா," என்றான் எங்களில் ஒருவனான ஜமால்.

"ஊறுகாயா, வீட்டுக்கு வீடு ஜாடி வைக்க? ஆளுக்கு ஆள் மாத்தினா எது சரின்னு யாருக்குத் தெரியும்?" என்று மற்ற மூவரையும் கையிலிருந்த பிரதிகளை அழிக்கச் சொன்னேன்.

கடை நொடித்தது. அவர் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை விற்றுவிட்டார். அவர்மேல் தப்பில்லை, கணினி அவருடையது. அதில் போன இரண்டு வருட உழைப்புதான் எங்களுடையது.

ஜமால் பிளாப்பி வட்டு ஒன்றை நீட்டினான். "கோவிச்சுக்காதீங்கண்ணே, நான் அழிக்கல."

எல்லாருக்கும் உரியது என்று சொல்லிக்கொண்டே ஒரே கதவுக்குள் வைத்துப் பூட்டியவன் நான். மறுநாளே ஆளுக்கொரு பிரதி எடுத்தோம். நாளடைவில் நான்கும் நான்கு விதமாக மாறின. எனக்கு அது வருத்தமாக இல்லை.