கோயிலடி ஆடு

பிள்ளைகளா, அலுமாரியில் என் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கசெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டே இல்லப்பா, கீ கீன்னு கத்துது. நாங்க இதுல பாட்டுப் புடிச்சிக்கிடவா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கத்தலுக்குள் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதைச் செய்தவர் பண்டாரவளையில் ரேடியோக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் எல்லாரும் நானா என்றே கூப்பிடுவோம். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் பூனாகலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் அவர் கடையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் வேலை செய்த நானாவின் மச்சான் ஒரு சின்னக் கம்பியூட்டர் கொண்டுவந்து கொடுத்தார். பிஸ்கட் பெட்டி அளவுதான் இருக்கும். டி.வி.யில் பொருத்தினால் எழுத்துத் தெரியும். எழுதியது அழியாமல் இருக்க, பாட்டுப் பிடிக்கிற சாதாரணக் கசெட்டில்தான் அதைப் பதிந்து வைக்க வேண்டும். கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி, நானா அதற்குள் ஆடு புலி ஆட்டத்தை எழுதிவிட்டார். புலிகளைக் கம்பியூட்டர் ஆடும், ஆடுகளை நாம் வைப்போம். அந்த விளையாட்டு எப்படிப் பரவியது என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கும் தேயிலைத் தோட்டத்துச் சனம் மரக்கறிப் பையோடு எங்கள் கடைக்குள் வந்து நிற்கும்.

அதில் முதல் ஆள், தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கு அடுத்த லயத்து அக்கா. கொழுந்து பறிப்பவர். கிழமை முழுவதும் கங்காணியின் ஏச்சுக்கு வாய் திறக்க மாட்டார். அந்த டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தால் அவரே கங்காணிதான். "ஏய், காலைல பெரட்டுக்கு வராம எங்க சுத்திக்கிட்டு இருந்த?" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் கங்காணியின் குரலிலேயே புலியை விரட்டுவார். கடையே சிரிக்கும். அந்த ஆட்டத்தில் வலது ஓரத்து நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே ஆட்டை வைத்தால் புலி ஒருபோதும் தாண்டி வெட்டாது. இதை முதலில் கண்டுபிடித்தவரும் அக்காதான். "அது கோயிலடி. அங்க நின்னா புலி தொடாது" என்றார். அதிலிருந்து எல்லாரும் அதைக் கோயிலடி என்றே சொன்னார்கள்.

ஆனால் நானா ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனதில் ஆட்டம் மிகவும் மெதுவாகிவிட்டது. புலி ஒரு அடி வைப்பதற்குள் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிவந்துவிடலாம். சில நாள் நடுவிலேயே அப்படியே நின்றுவிடும். "தம்பி, நம்ம புலி கெழடாப் போச்சி. ஒட்டுப் போட்டுச் சரிவராது, முதல்லேருந்து எழுதோணும்" என்றார் நானா.

எழுத நேரம் எங்கே இருந்தது? வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து, கடைக் கதவைத் திரும்பத் திறக்கும் வரைக்குமான கொஞ்ச நேரம்தான். வீட்டிலிருந்து வந்த சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மற்றக் கையின் ஒற்றை விரலால் தட்டுவார். நான் கடதாசியைப் பார்த்து இலக்கங்களை வாசிப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை கசெட்டில் பதிவதற்கு முன்னாலேயே கரண்ட் போய், தட்டியது எல்லாம் போய்விட்டது. நானா பூட்டிய கடையின் இருட்டில் உட்கார்ந்து, "சோறு மட்டும் மிச்சம்" என்று சிரித்தார். இப்படியே மழைக்காலம் முழுவதும் போயிற்று.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய ஆட்டத்தைப் போட்டார். நாம் ஆட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் புலி பாய்ந்தது. சனம் கை தட்டியது. அக்கா உட்கார்ந்து வழக்கம்போலக் கோயிலடியில் ஒரு ஆட்டை வைத்தார். புலி ஒரே தாண்டாகத் தாண்டி அதை வெட்டிவிட்டது.

"என்னங்க நானா, கோயில்ல வச்சே அடிக்குது" என்றார் அக்கா. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பழசே நல்லா இருந்தது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அடுத்த ஞாயிறு கடையில் இரண்டு மூன்று பேர்தான். விஷயம் இதுதான்: பழையதை எழுதும்போது அந்த ஒரு இடத்தைப் புலி தாண்டும் வழியை எழுத நானா தவற விட்டிருந்தார். புதியதில் அதைக் கண்டுபிடித்துத் திருத்தியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிழையைத் திருத்தியதற்கா இப்படி என்று அந்தக் கிழமை முழுவதும் முகம் வாடியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று சோற்றைக்கூட அவர் திறக்கவில்லை. கம்பியூட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பிழை நம்மடதான் தம்பி. ஆனா அதுல கோயில் கட்டினது அவங்க. அத இடிக்க நான் யாரு?"

ஒரே ஒரு வரி சேர்த்தார். அந்த இடத்தில் புலி தாண்டக் கூடாது என்று. அதோடு விடாமல், அங்கே ஒரு சின்ன நட்சத்திரமும் தெரியச் செய்தார். நான் லயத்துக்குப் போனதும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு வந்தார். நட்சத்திரத்தைப் பார்த்து, "வெளக்கு வேற வச்சிருக்கீங்களா?" என்று ஆட்டை வைத்தார். புலி கிட்டே வந்தது, நின்றது, வேறு பக்கம் திரும்பிப் போனது. அக்கா நானாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கி மரியாத தெரியுதே."

"போன தடவ ஊருக்குப் புதுசு தங்கச்சி. இப்பதான் வழக்கம் படிச்சிருக்கு."

அன்று சந்தை கலைந்த பிறகும் எங்கள் கடை கலையவில்லை. மற்ற இடங்களில் பாய்ச்சல் புலி, கோயிலடியில் பணிவான புலி. எல்லாருக்கும் அதுவே பிடித்துவிட்டது. அக்கா ஜெயித்துவிட்டுப் போகும்போது நானாவின் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். அதில் பாதியை நான்தான் சாப்பிட்டேன்.

நானா எனக்கும் ஒரு பிரதி பதிந்து கொடுத்தார். மேலே 'ஆடு' என்று மட்டும் எழுதினார். நாடு கெட்டுக் கிடந்த காலம், பஸ்ஸை மறித்துப் பையைச் சோதிப்பார்கள்; 'புலி' என்று எழுதிய கசெட்டை என் பையில் வைத்து பஸ்ஸில் அனுப்ப அவருக்கு மனமில்லை. பிறகு ஒரு இடி மின்னலில் அந்தக் கம்பியூட்டர் கருகிப்போனது. நானாவும் கடையை விட்டுப் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்.

உங்களுக்குப் பாட்டுப் பிடிக்க வேறு கசெட் வாங்கித் தருகிறேன். இன்று நீங்கள் டியூசனுக்குப் போன பிறகு இதை நான் போட்டு, கீ கீ சத்தத்தை முழுவதுமாகக் கேட்டேன். அந்த ஒரு வரி எந்த இடத்தில் கத்துகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கசெட்டின் முதுகில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அவை இருந்தால்தான் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியும். டெஸ்டரால் இரண்டையும் உடைத்து எடுத்துவிட்டு, கசெட்டைப் பழையபடி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.