ஏழாம் பிரேமின் ஈரச் சாக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். நுனி என்ன நுனி, மூக்கு முழுக்க அதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் பகல் ஷிப்டுக்கு நான் மேஸ்திரி. நூற்கும் பிரேம்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் நான் ஒரு நடை நடந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதை என் திறமை என்றே பதினோரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் பிரேம் மட்டும் என் உயிரை வாங்கியது. மேற்கு ஜன்னலை ஒட்டிய அந்தப் பிரேமில் நின்றவர் நாகலாபுரத்துக்காரர். ஆலை வாசலில் பதிலி ஆளாக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து நிரந்தர வேலை வாங்கியவர். இரண்டு பெண் பிள்ளைகள். ஊரில் கொஞ்சம் மானாவாரிக் கரிசல். மழை ஏமாற்றிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவர் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றை ஒட்டி நிமிர்வதற்குள் அடுத்தது அறும். அதே பிரேம், அதே பஞ்சு, வேறு ஆட்கள் நின்ற மற்ற இரண்டு ஷிப்டிலும் ஒழுங்காக ஓடியது. அப்படியானால் கோளாறு ஆளிடம்தானே? ‘கவனமில்லாதவர், வேலையை விட்டு எடுக்கலாம்’ என்று மானேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மானேஜர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஏதோ ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கண்ணாடி போட்டவர். ஆலைகளில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிக்கிற படிப்பாம். “மெஷினப் படிச்சாலும் ஒரு பிரயோஜனம் உண்டு. மனுசனப் படிச்சு என்னத்துக்கு ஆவப்போவுது?” என்று நான் டீக்கடையில் வைத்துச் சிரித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அவர் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மூன்று வாரம் தூணோரம் நின்றார். அவ்வளவுதான்.

நடுவில் கயத்தாற்றில் மச்சினன் கல்யாணம் வந்தது. நான் நாலு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த புதன்கிழமை சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“கோவிச்சுக்கக் கூடாது,” என்று ஆரம்பித்து நோட்டைத் திருப்பிக் காட்டினார். “நீங்க லீவுல இருந்த நாலு நாளும் ஏழாம் பிரேம்ல நூல் அறுபடறது ரொம்பக் குறைவு. நீங்க இன்னைக்கு வந்தீங்க. மறுபடியும் பழையபடி.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “என்னய்யா சொல்லுதீரு? நானா போயி நூலப் பிச்சு விடுதேன்?”

அவர் அசரவில்லை. “ஒரு ஆளை மாத்துறதுக்கு முன்னாடி, அவரைச் சுத்தி என்ன நடக்குதுன்னு பாக்கணும். எங்க படிப்புல முதல் பாடமே அதுதான். நாளைக்கு நீங்க முன்வாசல் வழியா வராதீங்க. பின்னால பஞ்சு மூட்டை அடுக்குற கிட்டங்கி வழியா வாங்க.”

மறுநாள் அவர் சொன்னபடியே பின்வழியாக வந்து, கிட்டங்கிக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தேன். ஏழாம் பிரேமை ஒட்டிய மேற்கு ஜன்னல் முழுக்க நனைந்த சாக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன! ஆடி மாதத்து மேல்காற்று கரிசல் காட்டின் சூட்டை அள்ளிக்கொண்டு வந்து அந்த ஈரச் சாக்கில் மோதிக் குளிர்ந்து உள்ளே போனது. தண்ணீர் தூவும் குழாய் அந்த மூலைக்கு எட்டாது. காய்ந்த காற்றுப் பட்டால் இழை விறைத்துப் படக்கென்று அறும். இது தெரியாத மேஸ்திரி உண்டா? தெரிந்தும் நான்தான் பதினோரு வருஷம் அந்த ஜன்னலை யோசிக்காமலே அந்தப் பக்கம் நடந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முதல் வரிசையில் நின்றவன் என்னைக் கண்டதும் உள்ளங்கையால் தன் வாயைப் பொத்தினான். அந்த இரைச்சலில் அங்கே எல்லாப் பேச்சும் கைஜாடைதான். அடுத்தவனும் பொத்தினான். அதற்கடுத்தவனும். கண்மூடித் திறப்பதற்குள் கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் அந்த ஜாடை ஓடியது. சாக்குகள் சரசரவென்று இறங்கிப் பிரேமுக்கு அடியில் போய்விட்டன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவிகளா! தீயணைக்க வைத்த வாளியில் தண்ணீர் குறைகிறதே என்று நான் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்? தரை ஈரமாய்க் கிடக்கிறது என்று கூட்டுகிற அம்மாவை எத்தனை நாள் ஏசியிருக்கிறேன்? எல்லாம் இந்தச் சாக்கை நனைத்த தண்ணீர்! கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும். கேட் காவல்காரருக்குத் தெரியும். மற்ற இரண்டு மேஸ்திரிமாருக்கும் தெரிந்து, சாக்கு தொங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். தெரியாதவன் நான் ஒருவன்தான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நாகலாபுரத்துக்காரரைத் தனியே கூப்பிட்டேன். “ஏம்வே, வேல போற நெலமையில நிக்கீரு. சாக்கு போட்டா நூல் நிக்கும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாவே?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். “சொன்னேன் அண்ணாச்சி.”

“எப்பம் சொன்னீரு?”

“மொதலாளி வீட்டு விருந்தாளுக மில்லச் சுத்திப் பாக்க வந்தாவள்லா, அன்னைக்கு. ‘இது மில்லா, மாட்டுத் தொழுவமா, எடுலே சாக்க’ன்னீய. எடுத்தா நூல் அறும்னு சொன்னேன். ‘வாய மூடு, இல்ல வெளிய போ’ன்னீய. எல்லாரும் பாத்துக்கிட்டுதான் நின்னாவ. அதுல இருந்துதான் நீங்க வந்தா இந்த ஜாடை.” சொல்லிவிட்டு உள்ளங்கையை வாயில் வைத்துக் காட்டினார்.

விருந்தாளிகள் வந்தது நினைவிருக்கிறது. அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது நினைவிருக்கிறது. இதைச் சொன்னது மட்டும் எனக்கு இன்றுவரைக்கும் நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு மனிதனின் சோற்றில் மண்ணைப் போட்டவனுக்கு அது ஞாபகம்கூட இல்லை என்றால், அவன் என்ன மனிதன்? வெட்கத்தில் அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மானேஜர் அறைக்குப் போய், தப்பு என்னுடையது, அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “மேஸ்திரியே இப்படி வந்து நிக்கிறதை நான் எந்த மில்லுலயும் பாத்ததில்லை. எழுதிக் குடும்,” என்றார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. நாகலாபுரத்துக்காரருக்கு வேலை நிலைத்தது.

அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தி, “நாளையில இருந்து சாக்கு தொங்கணும். இது என் உத்தரவு,” என்று சத்தமாகச் சொன்னேன். தூணோரம் நின்ற ஆராய்ச்சிக்காரர் மெதுவாக வந்து, “உத்தரவு போட்டுட்டீங்க, சரி. பழக்கம் உத்தரவுக்கு உடனே அடங்காது சார்,” என்றார். இவருக்கு எதிலும் ஒரு நொட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் கொஞ்சம் பெருமையோடுதான் முன்வாசல் வழியாக உள்ளே போனேன். இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை, சாக்குகள் இறங்கிவிட்டன. அத்தனையும். முதலில் இழுத்துப் போட்டது யார் என்கிறீர்கள்? ஏழாம் பிரேம்காரரேதான். ஓட்டமாய் அவரிடம் போய் அவர் காதருகே கத்தினேன்.

“நாந்தான தொங்கப் போடச் சொன்னேன்! உம்ம வேலையும் நெலச்சாச்சு. பொறவு என்ன பயம்வே?”

சொட்டுகிற சாக்கை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் என் காதுக்குள் சொன்னார்: “சொன்னீய அண்ணாச்சி. அன்னைக்கு எடுக்கச் சொன்னதும் நீங்கதான். நாளைக்கு எதுல கோவமா வருவீயன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு அது அஞ்சு நிமிசக் கோவம். எனக்கு அது வேல.”